அடியில்லாச் சுவரோரம்: ஆழத்துக்கேற்ற காற்றுக் கணக்கு

மலேசியாவின் சபா மாநிலக் கரையை அடுத்துச் செலிபிஸ் கடலில் அமைந்துள்ள சிபடான், கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் எழுந்து நிற்கும் எரிமலைக் குன்றின் உச்சியில் பவளம் வளர்ந்து உருவான தீவாகும். அதன் கரையிலிருந்து சிறிது தொலைவு நீந்துவதற்குள் ஆழம் குறைந்த பவளத்திட்டு முடிந்து, பாறை செங்குத்தாகக் கீழே இறங்கிவிடுகிறது. திட்டுச்சுவர் எனப்படும் இத்தகைய சரிவுகள் பலாவு, இந்தோனேசியாவின் புனாக்கன், கரீபியக் கடலின் லிட்டில் கேமன் ஆகிய இடங்களிலும் உள்ளன. இவ்விடங்களுக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளும் பயிற்றுநர்களும் கையிருப்புக் காற்றை அன்றைய முக்குளிப்பில் அடையக்கூடிய மிகப் பெரிய ஆழத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு. படகில் ஏறும்போது சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மீதமிருந்தால் போதும் என்ற பழக்கம் சுவரோரத்துக்குப் பொருந்தாது.

மணல் தரையுள்ள இடத்தில் 18 மீட்டரில் தரை இருந்தால், கவனம் தவறியவரும் 18 மீட்டருக்குக் கீழே போக இயலாது. ஆழ எல்லையைத் தரையே வகுத்துவிடுகிறது. சுவரோரத்தில் அந்த எல்லை இல்லை என்பதோடு, ஆழத்தை உணர்த்தும் அடையாளங்களும் குறைகின்றன. முகக்கண்ணாடி வழியே பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தொலைவில் கால் பங்கு குறைந்து அருகிலும் தோன்றுவதால், கீழே தெரியும் கடல்விசிறிப் பவளம் எட்டும் தொலைவில் இருப்பதாகவே படுகிறது. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் 30 மீட்டரிலும் வெளிச்சம் நிறைந்திருப்பதால், இருள் தரும் எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. சுவரை விட்டுத் திறந்த கடலை நோக்கித் திரும்பியவருக்கு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை ஆழமானியைப் பார்த்தே அறிய வேண்டிய நிலை ஏற்படுகிறது.

உடலும் கருவியும் இந்த இறக்கத்துக்குத் துணைபோகின்றன. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடுவதால், 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார் ஆகிறது. நியோப்ரீன் உடையிலுள்ள நுண்குமிழிகள் அழுத்தத்தால் சுருங்கி உடையின் மிதப்புக் குறைகிறது. மிதப்பு அங்கியில் காற்றைச் சேர்க்கத் தவறியவர் இறங்க இறங்க மேலும் விரைவாக இறங்குவதன் காரணம் இதுவே. ஏறத்தாழ 30 மீட்டர் தொடங்கி, உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் நரம்பு மண்டலத்தின் இயக்கத்தை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொள்ள, மானியைப் பார்க்க வேண்டியவரின் தீர்மானிக்கும் ஆற்றலே குன்றுகிறது. ஆக்சிஜன் 32 விழுக்காடாக உயர்த்தப்பட்ட நைட்ராக்ஸ் கலவையைச் சுவாசிப்பவருக்கு மற்றோர் எல்லையும் உண்டு. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரையறையின்படி அக்கலவைக்கு ஏறத்தாழ 33 மீட்டரே எல்லை. அதற்குக் கீழே போகப் போக, முன்னறிகுறி எதுவுமின்றி வலிப்பு வந்து நீரில் மூழ்கும் ஆபத்து கூடுகிறது.

இந்த நிலையில் ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனால், அவரும் துணைவரும் ஒரே சிலிண்டரைப் பகிர்ந்து மேலேறத் தேவைப்படும் காற்றே கையிருப்பு எனப்படும். பதற்றத்தில் ஒருவர் மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 30 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால், இருவருக்கும் 60 லிட்டர் வேண்டும். 30 மீட்டரில் நிலைமையைச் சீர்செய்யும் ஒரு நிமிடத்துக்கு 4 பார் அழுத்தத்தில் 240 லிட்டரும், நிமிடத்துக்கு 10 மீட்டர் வீதம் ஏறும் மூன்று நிமிடங்களுக்குச் சராசரி 2.5 பார் அழுத்தத்தில் 450 லிட்டரும், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டரும் செலவாகின்றன. மொத்தம் 960 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது 80 பார். அதே கணக்கை 40 மீட்டருக்குப் போட்டால் 1290 லிட்டர், அதாவது ஏறத்தாழ 108 பார் தேவைப்படுகிறது. 30 மீட்டரில் 50 பாரோடு நிற்கும் இணையர், ஒருவரின் காற்று நின்ற மறுகணமே பாதுகாப்பு நிறுத்தத்தைக் கைவிட்டு ஏற வேண்டிய நெருக்கடிக்குள் வந்துவிடுகின்றனர்.

இக்கணக்கு முக்குளிப்பின் இன்பத்தைக் குறைத்துவிடும் என்ற தயக்கத்துக்கு இடமில்லை. அமைதியாக நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில் 80 லிட்டர் செலவிடுகிறார்; 200 பாரிலிருந்து 80 பார் வரையுள்ள 1440 லிட்டர் அவருக்கு 18 நிமிடம் தரும். கட்டாய அழுத்தநீக்க நிறுத்தம் இன்றி 30 மீட்டரில் தங்கக்கூடிய நேரம், பரவலாக வழங்கும் ஓர் அட்டவணையின்படி 20 நிமிடமே என்பதால், கையிருப்பை ஒதுக்கியவர் இழப்பது மிகச் சிறிது. அந்த 18 நிமிடத்தையும் ஆழத்திலேயே கழிக்காமல், முதலில் ஆழத்தைத் தொட்டுவிட்டுச் சுவரையொட்டிப் படிப்படியாக ஏறி, ஒளியும் நிறமும் மிகுந்த மேல்திட்டில் முடிக்கும் திட்டமே காற்றுக்கும் நைட்ரஜன் கணக்குக்கும் ஏற்றது.

சுவரில் மோதும் நீரோட்டம் சில வேளைகளில் கீழ்நோக்கித் திரும்புவதும் இக்கையிருப்பின் தேவையைக் கூட்டுகிறது. வெளிவிடும் குமிழிகள் மேலேறாமல் சுழல்வதோ கீழிறங்குவதோ அதன் அடையாளம். அதில் சிக்கியவர் நேர் மேலே போராடிக் காற்றை வீணாக்காமல், பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். நீரோட்டத்தின் பிடி தளர்ந்ததும், இறக்கத்தைத் தடுக்க அங்கியில் சேர்த்த காற்றை உடனே வெளியேற்றாவிட்டால், கட்டுக்கடங்காத ஏற்றம் தொடங்கிவிடும்.

சிபடானில் இயங்கிவந்த தங்கும் விடுதிகள் 2004ஆம் ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டு, பின்னர் முக்குளிப்பாளருக்கு நாளொன்றுக்கு வழங்கும் அனுமதிச் சீட்டுகளுக்கு வரம்பும் கொண்டுவரப்பட்டது. திட்டைக் காக்க எடுக்கப்பட்ட இம்முடிவு போற்றத்தக்கது. ஆனால் அரிதாகக் கிடைத்த ஒரு நாளில் இன்னும் சற்று ஆழத்தில் எதையாவது கண்டுவிட வேண்டும் என்ற விருந்தினரின் ஆவலும் இயல்பானது. அதற்கு இசைவதும் மறுப்பதும் வழிகாட்டியின் பொறுப்பு. மிதப்பைக் காத்துச் சுவரிலிருந்து கையெட்டாத தொலைவில் நிற்பவர் தம் உயிரோடு, மெல்ல வளரும் கடல்விசிறிகளையும் காக்கிறார். இறக்கத்தைத் தடுக்கப் பவளத்தைப் பற்றுபவர் இரண்டையும் இடருக்குள்ளாக்குகிறார்.

ஆகவே சுவரோர முக்குளிப்பு ஒவ்வொன்றுக்கும் முன்பு, அன்றைய உச்ச ஆழம், அந்த ஆழத்துக்கான கையிருப்பு, ஏறத் தொடங்க வேண்டிய அழுத்தம் ஆகிய மூன்றையும் வழிகாட்டி எண்களாகச் சொல்லி, குழுவினர் ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லக் கேட்ட பின்னரே நீரில் இறங்க வேண்டும். அவ்வெண்களை ஏற்காத ஒருவரை, அவர் எத்தனை தொலைவிலிருந்து வந்திருந்தாலும் சுவருக்கு அழைத்துச் செல்லலாகாது.