பூட்டு யாருக்கு?

கணினி விளையாட்டைப் பற்றி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சீட்டுக்கட்டைத் தவிர வேறு எதையும் நான் ஆடியதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிரான்சில் இருக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்தால் பேச்செல்லாம் இதுதான். தவிர, திருட்டு நகலும் அதைத் தடுக்கும் கெடுபிடியும் எனக்குப் புதிதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் நகல்களோடுதானே குப்பை கொட்டினேன்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்காமல் நகல் எடுத்து ஆடுவது திருட்டுதான். 2013-இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற பெயரில் இரண்டு சகோதரர்கள் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஆடுபவர் ஒரு விளையாட்டுக் கம்பெனியை நடத்தவேண்டும், அதுதான் ஆட்டம். வெளியான அன்றே அவர்களே ஒரு இலவச நகலையும் இணையத்தில் உலவ விட்டார்கள். அந்த நகலில் மட்டும் ஒரு குறும்பு. என்னதான் திறமையாக ஆடினாலும், உங்கள் சரக்கைத் திருடுகிறார்கள் என்று சொல்லிக் கம்பெனி திவாலாகிவிடும். முதல் நாள் கணக்குப்படி காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர், திருட்டு நகலில் ஆடியவர்கள் 3,104 பேர். அதில் சிலர், “திருட்டால் என் கம்பெனி நொடித்துப்போகிறது, என்ன செய்வது?” என்று புலம்பி எழுதினார்களாம். சிரித்து மாளவில்லை எனக்கு. பிரெஞ்சில் ‘வொலே’ என்ற ஒரே சொல்லுக்குப் பறப்பது, திருடுவது என்று இரண்டு பொருளும் உண்டு. பள்ளியில் படித்தபோது அது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

ஆகவே பூட்டு போடுவதை நான் குறை சொல்லவில்லை. யார் வீட்டு வாசலில் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

யூபிசாஃப்ட் பிரெஞ்சுக் கம்பெனி. பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த ஐந்து சகோதரர்கள் 1986-இல் தொடங்கியது. 2010-இல் அவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் கணினி இணையத்தில் இருக்கவேண்டும், கம்பெனியின் சர்வர் ‘இவர் வாங்கியவர்தான்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இணைப்பு அறுந்தால் ஆட்டம் நின்றுபோகும். அந்த மார்ச் மாதமே யாரோ சர்வரைத் தாக்கி முடக்க, காசு கொடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டை உடைப்பவர்களுக்கோ சில வாரம்தான் பிடித்தது. திருட்டு நகலில் சர்வர் தொல்லையே இல்லை. திருடனுக்கு ராஜபாட்டை, வாங்கினவனுக்கு முள்வேலி!

இதைவிட வேடிக்கை 2008-இல் நடந்தது. அதே கம்பெனியின் ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ ஆட்டத்தைச் சிலர் இணையத்திலேயே வாங்கி இறக்கியிருந்தார்கள். பிறகு வந்த ஒரு திருத்தம், வட்டைச் செருகு என்று கேட்க ஆரம்பித்தது. இணையத்தில் வாங்கியவனிடம் வட்டு ஏது? கம்பெனி அவசரமாக ஒரு மாற்றுக் கோப்பைக் கொடுத்தது. திறந்து பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பூட்டு உடைக்கும் கும்பல் ஒன்று தயாரித்த கோப்பு அது! கள்ள முத்திரையை வாங்கி அலுவலகமே குத்திக் கொடுத்த மாதிரி.

எங்கள் மேசைக்கு வந்தவர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எல்லாச் சான்றிதழும் சரியாக வைத்திருக்கும் ஏழை, கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்துக்காக நாலு நாள் அலைவான். போலி கொண்டு வருபவனின் காகிதத்தில் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் கச்சிதமாக இருக்கும். பிற்பாடு சுயசான்று போதும் என்றார்கள். அதனால் ஆபீஸ் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அலைக்கழிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்கிய பொருளே மறைந்துபோனால்? ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டம் 2014-இல் வந்தது, அதுவும் யூபிசாஃப்ட்தான். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கிய ஆட்டம் அத்தோடு செத்தது. நீங்கள் வாங்கியது ஆட்டத்தை அல்ல, ஆடுவதற்கான அனுமதியை மட்டுமே என்பது இந்த மாதிரிக் கம்பெனிகள் சொல்லும் நியாயம். பள்ளிக்கூடத்தில் வாங்கிய லரூஸ் அகராதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. செல்லரித்திருக்கிறது, ஆனால் திறக்கிறது. அதைப் படிக்க யாரும் பாரிசிலிருந்து தலையாட்ட வேண்டியதில்லை. இப்படி ஆட்டங்களைக் கொல்லாதீர்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு மனு போய், 2025-இல் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. பேரனும் அதில் ஒருவன்.

என்னைக் கேட்டால், புது ஆட்டம் சூடாக விற்கும் முதல் சில மாதங்களுக்குப் பூட்டு இருக்கட்டும். பிறகு கழற்றிவிடட்டும். 2016 மே மாதம் வந்த ‘டூம்’ ஆட்டத்தில் டெனூவோ என்ற பூட்டு இருந்தது. டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடவில்லை. சர்வரை நிறுத்துகிறவர்கள், அது இல்லாமலும் ஓடுகிற மாதிரி ஒரு கடைசித் திருத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். இதற்கு அவர்கள் சொல்லும் செலவுக் கணக்கைப் பேரன் எனக்கு விளக்கினான். கேட்டுக்கொண்டேன், ஆனால் ஒப்பவில்லை. விற்கும்போதே அதையும் சேர்த்து விலை வைத்திருக்கலாமே?