அம்மாவின் மாவரைக்கும் செருப்பு

அம்மா மாவரைக்கும் நாளில் மட்டும் சமையலறையில் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். வீட்டுக்குள் செருப்பு போட்டால் எங்களைத் திட்டும் அதே அம்மாதான். தரை ஈரமாக இருக்கும், வழுக்காமல் இருக்கத்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள் கேட்டபோதுதான் சொன்னார்: "கிரைண்டரைத் தொட்டா லேசா ஜிவ்வுங்கும்பா. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

எத்தனை நாளாக? "அது ஆச்சு அஞ்சாறு வருசம்."

எனக்குத்தான் ஜிவ்வென்றது.

பெற்றோரின் வீடு ஆங் மோ கியோவில், எழுபதுகளின் இறுதியில் கட்டப்பட்ட கழக வீடு. வாசலுக்கு மேலே உள்ள மின்பெட்டியில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எங்காவது கோளாறு என்றால் அது தானே விழுந்துவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். அது பாதிதான் உண்மை.

அந்தச் சுவிட்சுகள் காப்பது கம்பியை, மனிதரை அல்ல. 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அதற்குமேல் மின்சாரம் போனால்தான் அது விழும். அதற்கும் குறைவான மின்சாரத்தில் கம்பி சூடாகி எரியாது என்பதுதான் கணக்கு. ஆனால் மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 20 ஆம்பியர் தேவையில்லை. ஒரு ஆம்பியரின் நூறில் சில பங்கே போதும். அம்மாவின் உடல் வழியாக அவ்வளவு பாய்ந்தாலும், அந்தச் சுவிட்ச் ஏதோ ஒரு விளக்கு எரிகிறது என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கும்.

மனிதரைக் காப்பதற்கென்று இருப்பது வேறொரு கருவி. ஆர்சிசிபி என்பார்கள், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிப்பது. அதன் வேலை ஏறக்குறைய கல்லாப்பெட்டிக் கணக்குதான். லைவ் கம்பி வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் குறைந்தால், வேறு எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அது எர்த் கம்பியாக இருக்கலாம், ஈரத் தரையில் நிற்கும் ஒருவரின் உடலாகவும் இருக்கலாம். வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வித்தியாசத்துக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

சிங்கப்பூரில் 1985 முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் கட்டாயமாக்கி, ஈராண்டு அவகாசம் தந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அவகாசம் கிட்டத்தட்ட முடியும்வரை "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓடியது. அம்மாவின் செருப்புக் கதையைக் கேட்ட அன்றே, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்தேன்.

வந்தவர் வயதான சீன அங்கிள். கருவியைப் பொருத்தி முடித்ததும் கிரைண்டரைக் காட்டினேன். சென்னையிலிருந்து வந்தது. அங்குள்ள உருண்டை முள் பிளக் இங்கே பொருந்தாது என்பதால், அந்தக் காலத்திலேயே அப்பாவின் நண்பர் ஒருவர் அதை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கை மாட்டித் தந்திருந்தார். அங்கிள் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே இரண்டு கம்பிகள்தான் இணைக்கப்பட்டிருந்தன. எர்த் கம்பி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கிரைண்டர் ஓட இரண்டு கம்பி போதும்தானே!

மோட்டாருக்குள் ஈரம் இறங்கி மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிந்தால், அது பத்திரமாகப் போவதற்கான வழிதான் எர்த். அந்த வழி இல்லாததால், தொடுபவருக்காகக் காத்திருந்தது. ஐந்தாறு ஆண்டுகளாக இடையில் நின்றது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

அங்கிள் எர்த் கம்பியை முறையாக இணைத்து, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். டக்கென்று வீடே இருண்டது. "புதுசா வச்சது கெட்டுப்போச்சு பாரு!" என்றார் அம்மா. கெட்டுப்போகவில்லை, வேலை செய்கிறது என்று புரியவைக்க எனக்கு ஒரு தேநீர் நேரம் பிடித்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி விழுந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் திருடன். எதுவுமே மாட்டாதபோதும் விழுந்தால், கோளாறு சுவருக்குள். அங்கே நம் கைக்கு வேலையில்லை. பழைய வீடுகளில் நியூட்ரல் கறுப்பு. 2009இல் வந்த புதிய நிற முறையில் அது நீலம், மும்முனை இணைப்பிலோ கறுப்பே மின்சாரம் ஓடும் கம்பி. யூடியூப் பார்த்துக் கைவைக்கிற இடமல்ல.

இன்னொன்று. இரண்டு முள் சார்ஜரை மாட்டுவதற்காக மேல் துளையில் சாத்தே குச்சியைச் செருகுவது பல வீடுகளில் நடக்கிறது. நானும் செய்திருக்கிறேன். அந்தத் துளை எர்த் முள்ளுக்கானது. அந்த முள் நீளமாக இருப்பதே, அது முதலில் நுழைந்து எர்த் இணைப்பைத் தந்த பிறகு கீழிரண்டு துளைகளின் மூடி திறக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒழுங்கான அடாப்டரின் விலை சில வெள்ளிதான்.

அந்தக் கருவியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் அங்கிள். அம்மா அதை விரதம்போல் பிடித்துக்கொண்டார். மாதப் பிறப்பன்று காலையில் அமுக்குகிறார், வீடு இருள்கிறது, திரும்பத் தூக்குகிறார், கடிகாரத்தைச் சரிசெய்தபடி என்னை அழைத்துச் சொல்கிறார். கிரைண்டர் புதிது வாங்கியாயிற்று, பாதுகாப்பு முத்திரையோடு. செருப்பை மட்டும் விடவில்லை.

இரண்டாம் மாதம் அழைத்தபோது கேட்டார்: "உன் வீட்டுல அமுக்கிப் பார்த்தியா?"

பொங்கோலில் என் வீடு புதியது. குடியேறி எட்டு ஆண்டுகளில் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே போய் அமுக்கினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். மின்விசிறிகூட நிற்கவில்லை.

அங்கிள் மறுநாள் வந்து மாற்றிக் கொடுத்தார்.