ஓடாத வண்டியின் விலை

ராஜ்தூத் 350 என்னும் மோட்டார் சைக்கிளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகின்றனர். யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவமான இதனை 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 347 சி.சி. திறன், இரட்டைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர். பெட்ரோலைக் குடிக்கும் வண்டி என்பதால் பெரிதாக விற்கவில்லை. பத்தாண்டு தாண்டாமல் உற்பத்தி நின்றது. அன்றைய தோல்வியே இன்றைய கிராக்கிக்குக் காரணம்.

வாங்குபவர் முதலில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். பிறகு டேங்க் முதல் சைலன்சர் வரை அசல் பாகங்களா என்று. குறைவாக ஓடிய வண்டிக்கே விலை அதிகம். ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப்பதிவு வழங்க 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. கட்டணம் 20,000 ரூபாய்; அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. முதல் ராஜ்தூத் 350 அத்தகுதியை எட்ட 2033 ஆகும்.

அதுவரை காத்திருக்க என்ன வேண்டும்? ஓட்டாமல் நிறுத்திவைக்க இடம் வேண்டும். மருத்துவச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ விற்றாக வேண்டிய நெருக்கடி இல்லாத குடும்பம் வேண்டும். ரசனையை நான் குறைகூறவில்லை. அந்த எஞ்சினின் ஓசை எனக்கும் பிடிக்கும். ஆனால் சேகரிப்பு என்பது தலைமுறைச் சொத்தின் இன்னொரு பெயர். முதல் தலைமுறையாக வண்டி வாங்கும் தலித் இளைஞருக்கு அது நிறுத்திவைக்கும் பொருளன்று. அவர் முன் நிற்கும் கேள்வியே வேறு: ஊருக்குள் ஓட்ட விடுவார்களா?

இந்தக் கேள்வியை நாடாளுமன்றமே சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு அது. அதற்குப் பின்னரும், 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் புகார் கூறினர்.

இத்தகைய வழக்குகளில் வெட்டுக்காயத்தை மட்டும் பதிவுசெய்துவிட்டு, வண்டியை 'முன்விரோதம்' என்ற சொல்லுக்குள் மறைத்துவிட இடமுண்டு. புகாரிலேயே வண்டி ஓட்டியதற்காகச் சொல்லப்பட்ட சாதிச் சொற்களையும் மிரட்டலையும் எழுதி, மேற்கண்ட பிரிவைச் சேர்க்கக் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. வண்டியைக் கொளுத்தியிருந்தால் 3(2)-இன் மூன்றாம் உட்பிரிவும் பொருந்தும்; அதற்கு ஏழாண்டு வரை சிறை. எரிந்த வண்டியை அப்புறப்படுத்தும் முன் எஞ்சின் எண், சேஸிஸ் எண் தெரியும்படி படமெடுத்து, பதிவுச் சான்றிதழ் நகலோடு விசாரணை அதிகாரியான துணைக் கண்காணிப்பாளரிடம் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள்.