பசிக்குப் பொட்டலம், லாபம் யாருக்கு?

ஆலைச் சங்கு ஊதுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். பஞ்சுத் தூசி படிந்த தொண்டை. கேட்டுக்கு எதிரே டீக்கடை. கடை முகப்பில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஒரு டீ, ஒரு பிஸ்கட் பொட்டலம். காலை ஆகாரம் முடிந்துவிட்டது.

கிராமத்தைப் பாருங்கள். நடவுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். அடுப்பு மூட்ட நேரமில்லை. பிள்ளை அழுகிறது. தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து ரூபாயை அதன் கையில் வைத்துவிட்டு வயலுக்கு ஓடுகிறாள். பிள்ளை பெட்டிக்கடைக்கு ஓடுகிறது.

இவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்று ஏழைக்கு உபதேசம் செய்ய நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நாம் கேட்பது இதுதான்: இந்தப் பழக்கம் தானாக வந்ததா, யாராவது கொண்டுவந்து புகுத்தினார்களா? புகுத்தியவர் யார்? லாபம் யாருக்கு?

டால்டா தந்த பாடம்

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். 1937-ம் ஆண்டில் வெள்ளைக்கார லீவர் கம்பெனி டால்டா என்ற வனஸ்பதியை நம் நாட்டில் விற்க முன்வந்தது. நெய் ருசி கண்ட ஜனங்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. கம்பெனி லிண்டாஸ் என்னும் தன் விளம்பர ஸ்தாபனத்தை ஏவியது. டால்டா டப்பாவைப் போலவே உருண்டையாகச் செய்த வண்டி தெருவில் வலம் வந்தது. சினிமாக் கொட்டகைகளில் டால்டாப் படம் ஓடிற்று. வழியில் போகிறவர்களுக்குப் பலகாரம் பொரித்து ருசி காட்டினார்கள். கொஞ்ச காலத்தில் வனஸ்பதி என்றாலே டால்டா என்றாகிவிட்டது.

எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவை ஏற்றிக் கெட்டியாக்குவதுதான் வனஸ்பதி. அப்படிச் செய்யும்போது உண்டாகும் 'டிரான்ஸ்' கொழுப்பு இருதய நோய்க்குக் காரணமாகிறது என்று 1990-களிலேயே விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். ஆனால் நம் நாட்டில் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. டால்டா கடைக்கு வந்து 85 வருஷங்கள் கழித்து! விளம்பர வண்டிக்கு இருந்த வேகம் சட்டத்துக்கு இல்லை.

விலைக்கு வாங்கிய விஞ்ஞானம்

தெருவில் வண்டி விடுவது வெளிப்படையான விளம்பரம். அதைக் கண்டால் நமக்குத் தெரியும். நமக்குத் தெரியாமல் நடக்கும் விளம்பரம்தான் ஆபத்தானது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1965-ல் சர்க்கரை முதலாளிகளின் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஹார்வர்ட் சர்வகலாசாலை விஞ்ஞானிகளுக்குச் சுமார் 6,500 டாலர் கொடுத்தது. அதன் இன்றைய மதிப்பு இன்னும் பல மடங்கு. இருதய நோய்க்குச் சர்க்கரையும் காரணமாகலாம் என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. பணம் வாங்கியவர்கள் எழுதிய கட்டுரை 1967-ல் பெயர்பெற்ற வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதில் பழி முழுவதும் கொழுப்பின் மேல் விழுந்தது, சர்க்கரை தப்பித்துக்கொண்டது. பணம் கைமாறிய விஷயம் கட்டுரையில் இல்லை. பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, 2016-ல்தான் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் உண்மையை அம்பலப்படுத்தினார்கள். டாக்டர் சொன்னார் என்று உலகம் நம்பியது. டாக்டருக்குப் படியளந்தவன் சர்க்கரை வியாபாரி!

டப்பாவில் அடைத்த தாயன்பு

நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளை உயரமாக வளர வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும் என்று ஆசைப்படாத தாய் உண்டா? அந்த ஆசையைத்தான் கம்பெனிகள் டப்பாவில் அடைத்து விற்றன. பாலில் கலக்கும் பொடிக்கு 'ஆரோக்கிய பானம்' என்று பெயர். கூலிவேலை செய்யும் தாயும் வாரக் கூலியில் மிச்சம் பிடித்து அதை வாங்கினாள்.

2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஓர் இளைஞர் வீடியோவில் எடுத்துச் சொன்னார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டது. அவர் வீடியோவை அகற்ற வேண்டியதாயிற்று. ஆனால் விஷயம் ஊரெங்கும் பரவிவிட்டது. குழந்தைகள் உரிமைக் கமிஷன் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அதே வருஷக் கடைசியில், 100 கிராமுக்குச் சுமார் 37 கிராமாக இருந்த சேர்ப்புச் சர்க்கரையைச் சுமார் 32 கிராமாகக் கம்பெனியே குறைத்தது. உணவுச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒன்று கிடையவே கிடையாது என்ற உண்மையும் வெளிவந்தது. அந்தத் தலைப்பில் இத்தகைய பானங்களை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இணையக் கடைகளுக்குச் சொல்லிற்று. ஹார்லிக்ஸும் தன் 'ஆரோக்கிய' அடைமொழியைக் கைவிட்டது.

தோழர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. கேள்வி கேட்டால் கம்பெனி மிரட்டுகிறது. மிரட்டலையும் மீறிப் பலர் கேட்டால் பின்வாங்குகிறது.

பெரிய பத்திரிகைகளும் டெலிவிஷனும் ஏன் இத்தனை காலம் இதைக் கேட்கவில்லை? விளம்பரக் காசு வாயை அடைக்கிறது. ஒரு பக்கத்தில் சர்க்கரை வியாதியைத் தடுப்பது எப்படி என்று கட்டுரை. மறு பக்கத்தில் இனிப்புப் பானத்துக்கு வண்ண விளம்பரம். சினிமா நட்சத்திரம் குடிக்கிறார். கிரிக்கெட் வீரர் கடிக்கிறார். மழை பெய்தால் இதைத் தின்னு, மனம் சோர்ந்தால் அதைக் குடி என்று ஓயாமல் ஓதுகிறார்கள். கைப் போனில் ருசித்துக் காட்டும் ஆள் கம்பெனியிடம் கூலி வாங்கினாரா இல்லையா என்பது பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாது.

இரண்டு நிமிஷத்தின் கணக்கு

மாகி நூடுல்ஸ் விளம்பரம் நாடு முழுவதும் தெரிந்தது. பிள்ளை பசியோடு ஓடிவருகிறது, தாய் இரண்டே நிமிஷத்தில் சமைத்துக் கொடுக்கிறாள், பிள்ளை சிரிக்கிறது. நல்ல காட்சிதான். ஆனால் தாய்க்கு ஏன் இரண்டு நிமிஷம்தான் மிஞ்சுகிறது? அவளுடைய மற்ற நேரத்தை எடுத்துக்கொண்டது யார்? இந்தக் கேள்வியை விளம்பரம் கேட்காது. நாம் கேட்கிறோம்.

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆலை முதலாளி நம் உழைப்பை உறிஞ்சிக்கொண்டு, சமைக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் தெம்பில்லாமல் வெளியே விடுகிறான். பொட்டல முதலாளி கேட் வாசலில் காத்திருந்து, களைத்த நாக்குக்கு உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் நீட்டுகிறான். அதிலும் தந்திரம்: ஐந்து ரூபாய் விலை அப்படியே நிற்கிறது, பொட்டலத்தின் எடை மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது. கூலியை ஒருவன் பிடுங்குகிறான், கூலியில் மிஞ்சியதை இன்னொருவன் பிடுங்குகிறான்.

இதன் பலன் என்ன? 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணித்தது. இது பணக்காரன் வியாதி என்ற காலம் போய்விட்டது. வளர்ந்த சில மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடமே அது அதிகம் என்று 2017-லேயே ஆய்வு காட்டியது. முதலாளிக்குச் சர்க்கரை வந்தால் ஓய்வும் வைத்தியமும் உண்டு. தறிக்காரன் காலில் புண் வந்தால் வேலை போகிறது. குடும்பம் கடனில் விழுகிறது.

பிடிக்காவிட்டால் வாங்காதே, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று சிலர் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாயை விளம்பரத்தில் கொட்டுகிறவன், வாங்குவதும் விடுவதும் நம் இஷ்டம் என்று நினைத்தா கொட்டுகிறான்? பொட்டலத்தின் முன்பக்கத்தில் சிரிக்கும் பொம்மை. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உண்மை. பெரும்பாலும் அதுவும் இங்கிலீஷில். இதை நாம் சுதந்திரமாகச் செய்த தேர்வு என்பது வீண் வாதம்.

செய்ய முடியும்

சிலி என்ற சின்ன நாடு செய்து காட்டியிருக்கிறது. 2016 முதல் அங்கே சர்க்கரையோ உப்போ கொழுப்போ அதிகமுள்ள பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எட்டுக்கோண எச்சரிக்கை முத்திரை இருக்க வேண்டும். குழந்தைகளை மயக்கும் பொம்மைப் படங்கள் அத்தகைய பொட்டலங்களிலிருந்து போயின. பள்ளிக்கூடத்தில் அவற்றை விற்கத் தடை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கறுப்பு முத்திரையைக் கண்டால் புரிந்துகொள்வார்.

நம் நாட்டில்? 2022-ல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திர மதிப்பெண் திட்டத்தை முன்வைத்தார்கள். எவ்வளவு கெட்ட பண்டமானாலும் அரை நட்சத்திரமாவது உண்டு! வியாபாரிக்கு வலிக்காத வைத்தியம் இது. முன்பக்க முத்திரை பற்றிய சிபாரிசை மூன்று மாதத்தில் முடிக்கும்படி 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பொட்டலத்தின் முன்பக்கத்தில், தமிழில், கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை வேண்டும். இவை சர்க்காரிடம்.

ஆலை நிர்வாகத்திடம் வேறொரு கோரிக்கை இருக்கிறது. 250 பேருக்குமேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீன் வைக்க 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டம் வழிசெய்தது. நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. உங்கள் ஆலையில் கான்டீன் இருக்கிறதா? அங்கே சூடான சோறும் பருப்பும் காயும் கிடைக்கிறதா, இல்லை அதே பொட்டலச் சரம்தான் தொங்குகிறதா? சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூலி உயர்வு, இடைவேளை, கான்டீன் மூன்றும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டியவை.

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலை பறித்து, கம்பு அறுத்து ஊருக்குச் சோறு போடுவது உங்கள் கை. அந்தக் கையிலிருந்து ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டு காற்றடைத்த பொட்டலத்தைக் கொடுக்கிறான். நடவுக் காலத்தில் விடியலிலேயே அங்கன்வாடி திறக்கவும், பிள்ளைக்குச் சூடான காலை ஆகாரம் கிடைக்கவும் பஞ்சாயத்தைக் கேளுங்கள். தாய் வயலில் நிற்கும்போது பிள்ளை தட்டின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டிக்கடை வாசலில் நிற்கக் கூடாது.

உழைக்கிறவனுக்கு வயிறார உண்ணக் கூலியும், உட்கார்ந்து உண்ண நேரமும் வேண்டும். அதுவரை அவன் களைப்பை வியாபாரமாக்கும் பொட்டலச் சரம் கேட் வாசலில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை அறுத்தெறிய ஒருவர் கை போதாது. சங்கத்தின் கை வேண்டும்.