பிரியாத பத்தாண்டு

அன்று மேடையில் பாடியவை 21. இசைத்தட்டில் வந்தவை 19. விடுபட்ட இரண்டில் ஒன்று, ஏற்கெனவே பாடிய ‘லேட் இன் தி ஈவினிங்’கைக் கச்சேரி முடியும்போது மறுபடி பாடியது. அதை விட்டதில் யாருக்கும் நஷ்டமில்லை. மற்றது ‘தி லேட் கிரேட் ஜானி ஏஸ்’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1981 செப்டம்பர் 19, சனிக்கிழமை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் உள்ள கிரேட் லான் என்ற புல்வெளி. பாடகர் ஜோடியான பால் சைமனுக்கும் ஆர்ட் கார்ஃபங்கலுக்கும் நாற்பது வயது நிறையச் சில வாரங்களே பாக்கி. பிரிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. டிக்கெட் கிடையாது. மேயர் எட் காச்சே மேடையேறி இருவரையும் அறிமுகப்படுத்தினார். வந்த கூட்டம் ஐந்து லட்சம் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. கிரேட் லானின் பரப்பு 13 ஏக்கர். அதாவது ஐந்தரை லட்சம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து லட்சம் பேர் என்றால் ஆளுக்கு ஒரு சதுர அடிதான் தேறும். மரத்தடியிலும் நடைபாதையிலும் நின்றவர்களைச் சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது. கூட்டத்தை லட்சங்களில் அள்ளிவிடும் பழக்கம் எந்த ஊரில்தான் இல்லை! எண்ணிக்கை எப்படியோ, அந்த இசைத்தட்டில் கைதட்டல் எழும்போதெல்லாம் அது ஓர் அரங்கத்தின் ஓசையாக இல்லை. ஒரு ஊரே இரைவது போல இருக்கிறது.

அந்த ஊர் அப்போது நொந்துபோயிருந்தது. 1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் விளிம்புவரை போய் மீண்டது. பணமில்லாதபோது முதலில் கைவிடப்படுவது பூங்காதானே. புல் பட்டுப்போய் கிரேட் லான் வெறும் புழுதிக்காடாகக் கிடந்தது. சுவரெங்கும் கிறுக்கல், உடைந்த பெஞ்சுகள், இருட்டினால் உள்ளே போக பயம். அந்த இடத்துக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1931வரை அது குடிநீர்த் தேக்கம். நீரை வடித்த பிறகு, பெருமந்தக் காலத்தில் வேலையும் வீடும் இழந்தவர்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அதன் பிறகுதான் அது புல்வெளியானது. 1980இல் பூங்காவைக் காப்பாற்ற சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பூங்காத் துறை ஆணையர் கார்டன் டேவிஸும் கச்சேரி ஏற்பாட்டாளர் ரான் டெல்செனரும் சேர்ந்து, ஓர் இலவசக் கச்சேரி வைத்து, அதன் ஒளிபரப்பிலும் விற்பனையிலும் வரும் பணத்தைப் பூங்காவுக்குத் திருப்பலாம் என்று திட்டமிட்டார்கள்.

அவர்கள் கேட்டது சைமனை மட்டும். அவருக்கும் அது நல்ல நேரமில்லை. தானே எழுதி நடித்த ‘ஒன்-டிரிக் போனி’ படம் முந்தைய ஆண்டுதான் ஊற்றிக்கொண்டிருந்தது. பிற்பாதியில் வந்து சேர்ந்து பாடும்படி கார்ஃபங்கலைக் கூப்பிட்டார். யோசித்தபோதுதான் சங்கடம் புரிந்தது. முற்பாதியில் சைமன் தனியாக, பிற்பாதியில் சைமனும் கார்ஃபங்கலும் என்றால், சைமனுக்கு சைமனே முன்கச்சேரி செய்ததாக ஆகிவிடும். அதனால் முழுக் கச்சேரியும் சேர்ந்தே என்று முடிவானது. உலகம் கொண்டாடிய மறுகூடலின் பின்னால் இருந்தது இந்தச் சின்னக் கணக்கு.

ஒத்திகையிலும் உரசல்தான். ஒரு கிட்டார், இரண்டு குரல், பழையபடி போதும் என்றார் கார்ஃபங்கல். சைமனோ அந்தப் பத்தாண்டுகளில் தாளத்தின் பக்கம் வெகுதூரம் போயிருந்தார். கையில் வலியும் இருந்தது, முழுக் கச்சேரிக்கும் தானே கிட்டார் வாசிக்க முடியாது. சைமன் சொன்னதே நடந்தது. டிரம்ஸில் ஸ்டீவ் காட், பியானோவில் ரிச்சர்ட் டீ என்று பதினோரு பேர் பக்கவாத்தியம். காட் தட்டும் ‘ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்’ தாளத்தைக் கேட்டால் சைமன் செய்தது சரி என்று தோன்றும். வாத்தியங்கள் ஒதுங்கி, ‘ஏப்ரல் கம் ஷி வில்’லில் கார்ஃபங்கலின் குரல் மட்டும் எழும்போது அவர் சொன்னதும் சரி என்றே தோன்றும். என் ஓட்டு கார்ஃபங்கலுக்கு.

ஆனால் இந்த ஆல்பத்தின் உண்மையான விசித்திரம் பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இருவரும் சேர்ந்திருந்த காலத்துப் பாடல்கள் பத்து. பிரிந்த பிறகு சைமன் தனக்கென்று எழுதியவை ஏழு. ‘மீ அண்ட் ஹூலியோ’, ‘அமெரிக்கன் டியூன்’, ‘ஸ்லிப் ஸ்லைடின் அவே’ எல்லாம் கார்ஃபங்கல் பக்கத்தில் இல்லாததால் பிறந்த பாடல்கள். அவற்றில் இங்கே கார்ஃபங்கலின் குரலும் கலக்கிறது. 1970இல் பிரியாமல் இருந்திருந்தால் எழுபதுகள் எப்படி ஒலித்திருக்கும் என்ற கற்பனைக்கு இந்த இசைத்தட்டு சாட்சி தயாரித்துக் கொடுக்கிறது. வாழாத பத்தாண்டை ஒரே மாலையில் வாழ்ந்து காட்டிவிட்டார்கள். கூட்டமும் அதைத்தான் கேட்டது. வியட்நாம், வாட்டர்கேட், நகரத்தின் கடன், ஜான் லெனனின் சாவு எதுவும் தங்களைத் தொடவில்லை என்று இரண்டு மணி நேரம் நம்ப அவர்களுக்கும் ஆசை இருக்காதா?

சைமன்-கார்ஃபங்கல் புகழின் கதையே டேப்பில் கைவைத்த கதைதான். 1953இல் குவீன்ஸ் பகுதிப் பள்ளி நாடகத்தில் சந்தித்தார்கள். சைமன் முயல், கார்ஃபங்கல் செஷயர் பூனை. 1957இல் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் ஒரு சின்ன வெற்றி. 1964இல் வந்த முதல் ஆல்பம் விலைபோகாமல் கிடந்தது. மறு ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், இருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பதிவின்மேல் மின்கிட்டாரையும் டிரம்ஸையும் ஏற்றி வெளியிட்டார். 1966 புத்தாண்டன்று அது முதலிடத்தில் இருந்தது. அவர்களை ஃபோக் ராக் ஜோடியாக்கியது ஸ்டூடியோவில் இன்னொருவர் செய்த காரியம்.

1982 பிப்ரவரியில் வந்த இந்த இரட்டை இசைத்தட்டிலும் கத்தரி வேலை செய்திருக்கிறது. ஜானி ஏஸ் 1954 கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கியை வைத்து விளையாடி, தற்செயலாகச் சுட்டுக்கொண்டு இறந்த பாடகர். அந்தச் சாவில் தொடங்கி கென்னடி, ஜான் லெனன் என்று போகிறது சைமனின் பாட்டு. லெனன் சுடப்பட்டு பத்து மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை... திருத்தமாகச் சொன்னால், ஒன்பது மாதமும் பதினோரு நாளும். சுடப்பட்ட டகோட்டா கட்டடம் அதே பூங்காவின் மேற்கு ஓரத்தில், மேடையிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரம். சைமன் தனியாக நின்று அதைப் பாடி முடிக்கும் தறுவாயில் ஒருவன் மேடைமேல் பாய்ந்து அவரை நோக்கி ஓடி வருகிறான். வீடியோவில் பார்க்கலாம்: சைமன் சட்டென்று பின்வாங்குகிறார், காவலர்கள் அவனை அப்புறப்படுத்துகிறார்கள், அவர் விட்ட இடத்தில் எடுத்துப் பாடி முடிக்கிறார். அன்றைய மாலையில் 1981ஆம் ஆண்டு தன் முகத்தைக் காட்டியது அந்தச் சில நொடிகளில்தான். இசைத்தட்டில் அது இல்லை.

பூங்கா பிழைத்தது. 1997இல் கிரேட் லான் புதுப் புல்லோடு மறுபடி திறக்கப்பட்டது. 2004இல் குடியரசுக் கட்சி மாநாட்டையொட்டி இரண்டரை லட்சம் பேர் திரளப்போவதாகப் போர் எதிர்ப்பாளர்கள் அங்கே இடம் கேட்டபோது, புல் கெட்டுவிடும் என்று நகராட்சி மறுத்தது. கூட்டத்தைக் கூட்டிக் காப்பாற்றிய புல்தான்!

ஜோடி பிழைக்கவில்லை. தன் பாட்டில் கார்ஃபங்கலுக்குத் திருப்தியில்லை. சைமனுக்கும் மேடையில் இருந்தபோது பெரிதாக ஒன்றும் படவில்லை. வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சிச் செய்திகளையும், அன்றிரவே செய்தித்தாள்களின் முதல் பக்கத்தையும் பார்த்துத்தான் நடந்ததன் அளவு புரிந்தது. 1982இலும் 1983இலும் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள். புது ஆல்பமும் சேர்ந்தே என்று தொடங்கி, கார்ஃபங்கல் குரல் பதிவும் நடந்தது. பிறகு சைமன் அந்தக் குரலை டேப்பிலிருந்து அழித்துவிட்டுத் தனி ஆல்பமாக ஆக்கினார். 1991இல் அதே பூங்காவில் சைமன் மறுபடி இலவசக் கச்சேரி செய்தபோது கார்ஃபங்கலுக்கு அழைப்பில்லை.

குரல் அழிக்கப்பட்ட அந்த ஆல்பம் ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ என்ற பெயரில் 1983இல் வந்தது. அதன் கடைசிப் பாட்டு ‘தி லேட் கிரேட் ஜானி ஏஸ்’.