லாகவுட் பண்ணினா கழுத்தை நெரிப்பீங்களோ?

ஆபீஸ்ல நாங்க இருபது பேர் பங்கு போட்டுக்கற லினக்ஸ் சர்வர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூணு நாள் ஓட வேண்டிய ஒரு ப்ரோக்ராமை 'ஸ்க்ரீன்'ல ஓடவிட்டு, லாகவுட் பண்ணிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை காபியும் கையுமா வந்து பார்த்தா, சுவடே இல்லை!

அட்மின் அண்ணாச்சியைக் கேட்டா, "லாகவுட் ஆனா எல்லாத்தையும் கொன்னுடற மாதிரி மாத்திட்டேன் தம்பி. சர்வர் சுத்தமா இருக்கும்லா?"ங்கறார்.

இது அண்ணாச்சி கண்டுபிடிச்ச வைத்தியம் இல்லை. 2016 மே மாசம் வந்த சிஸ்டம்டி 230, அதுவரை ஆஃப்ல இருந்த 'கில்யூசர்ப்ராசசஸ்'ங்கற செட்டிங்கைத் தானாவே ஆன் ஆகற மாதிரி மாத்திச்சு. பெரிய சண்டை. டெபியன், ஃபெடோராகாரங்க தங்க வெளியீட்டுல ஆஃப்லயே வெச்சுக்கிட்டாங்க. ஆனா செட்டிங் அங்கேயேதான் இருக்கு, அண்ணாச்சிகள் கை வைக்கறதுக்குத் தோதா.

'நோஹப்' கட்டளை யூனிக்ஸ்ல எழுபதுகள்லேர்ந்து இருக்கு. லைன் கட்டானாலும் வேலை நிக்கக்கூடாதுங்கறதுதான் அதுக்கு அர்த்தமே. ஸ்க்ரீன், டிமக்ஸ் ரெண்டும் பொழைக்கறதும் அதுக்குத்தான். அதைப் போட்டு ஓட்டறவன், "நான் போனாலும் இது ஓடணும்"னு எழுதிக் கொடுத்துட்டுப் போறான். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, "இனிமே 'சிஸ்டம்டி-ரன்' வழியா வேற பாரத்துல எழுதிக் கொடு"ன்னா என்ன நியாயம்? இதுல டிமக்ஸ்காரங்ககிட்டயே போய், "உங்க ப்ரோக்ராமை எங்களுக்கேத்த மாதிரி மாத்துங்க"ன்னு கேட்டதுதான் உச்சம்.

அநாதை ப்ராசஸ்கள் தொல்லைங்கறது நிஜம்தான். காலேஜ் லேப்ல முடிவே இல்லாத லூப்பை ஓட விட்டுட்டுக் கேன்டீனுக்கு ஓடினவன்தான் நானும். ஆனா அதுக்கு மருந்து அதே சிஸ்டம்டிலயே இருக்கே! 'மெமரிமேக்ஸ்', 'சிபியூகோட்டா'ன்னு ஆளுக்கு இவ்வளவுதான்னு அளந்து கொடுக்கலாம். எவ்வளவு தின்கிறான்னு பாருங்க, இருக்கானா போயிட்டானான்னு பார்க்காதீங்க. லாகவுட்டே பண்ணாம உட்கார்ந்து மொத்த மெமரியையும் முழுங்கறவனை அண்ணாச்சியோட செட்டிங் தொடவே தொடாது. நெட் கட்டாகி வெளியே விழுந்த அப்பாவிதான் சாவான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

பலன்? இப்போ எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் லாகவுட் பண்றதில்லை. சர்வர் ரொம்ப சுத்தமா இருக்கு!

டிஸ்கி: அண்ணாச்சி நல்ல மனுஷர். ப்ரோக்ராம் மறுபடி ஓடிட்டிருக்கு. மூணு ராத்திரியா லேப்டாப்பை மூடாம, கரண்ட் போயிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத் தூங்கறேன்.