ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி பேரைப் பாருங்க சாமி!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் நான் அதிகம் கேட்ட வைத்தியம் ஒன்றுதான். "ஃபார்மட் போட்டுரலாம்ணே!" காய்ச்சலா, தலைவலியா, சுளுக்கா என்று கேட்காமலே எல்லோருக்கும் ஒரே ஊசி.

எங்கள் தெரு அக்கா வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டாவதில் எட்டு வருடக் குடும்பப் படங்கள். மூன்றாவதாக ஒரு புது டிஸ்க் மாட்டினார்கள். மறுநாள் திரை ஒன்றரை நிமிடம் அப்படியே நின்று, எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. கடையில் "டிஸ்க் போச்சு" என்று சொல்லி எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். கடைக்குப் போகும் முன் அக்கா மொபைலில் எடுத்த படத்தில் காரணம் பளிச்சென்று இருந்தது: எஸ்.டி.பி.1 என்ற டிவைஸுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. போனது டிஸ்க் இல்லை ஐயா, அதன் பேர்!

விஷயம் இதுதான். லினக்ஸ் கெர்னல் கண்ணில் பட்ட வரிசையில் டிஸ்குகளுக்குப் பேர் வைக்கிறது. முதலில் சிக்கியது எஸ்.டி.ஏ, அடுத்தது எஸ்.டி.பி. புது டிஸ்க் முந்திக்கொண்டால் பழையது எஸ்.டி.சி ஆகிவிடும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் "மூணாவதா நிக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்" என்று வழி சொல்வது போலத்தான். முன்னால் ஒரு பஸ் கிளம்பினால் நீங்கள் தென்காசி போய்ச் சேருவீர்கள். போர்டைப் பார்த்து ஏறுவதுதானே முறை?

அந்த போர்டு கம்ப்யூட்டரிலும் உண்டு. அதுதான் யு.யு.ஐ.டி. பார்ட்டிஷனில் ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே அதற்குள் எழுதப்படும் அடையாள எண். எந்தக் கேபிளில் மாட்டினாலும் மாறாது. இது புதுச் சரக்கும் இல்லை. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-லேயே எஃப்.எஸ்.டேப் ஃபைல் யு.யு.ஐ.டி.க்கு மாறிவிட்டது. 2007-ல் பழைய ஐ.டி.இ. டிஸ்குகளின் பேர் எச்.டி.ஏ.விலிருந்து எஸ்.டி.ஏ.வாக மாறியபோது, பழைய பேரையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் "எஃப்.எஸ்.டேப்பில் எஸ்.டி.பி.1 என்று எழுதுங்கள்" என்று பாடம் எடுக்கிறவர்களை என்ன சொல்ல?

"இதெல்லாம் லினக்ஸ் தொல்லை, விண்டோஸ் போடுங்க" என்பவர்களுக்கு: ஒரு டிஸ்கை அப்படியே குளோன் செய்து இரண்டையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சிக்னேச்சர் என்று விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். லினக்ஸிலும் குளோன் செய்தால் யு.யு.ஐ.டி இரட்டைப் பிள்ளையாகிவிடும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் மருந்து ஒன்றுக்குப் புது எண் கொடுப்பதுதான், அழிப்பது அல்ல.

கடைக்காரர் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. "தேடிக்கிட்டு இருந்தா நேரம் ஆகும், கஸ்டமர் காசு தரமாட்டார்." சரி, கணக்குப் போடுவோம். லைவ் பென் டிரைவில் பூட் செய்து, பி.எல்.கே.ஐ.டி கட்டளை கொடுத்து, வரும் எண்களை எஃப்.எஸ்.டேப்போடு ஒப்பிடுவது பத்து நிமிட வேலை. சந்தேகமான வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டாலே பல நேரம் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். பிறகு நிதானமாக யு.யு.ஐ.டி எழுதி, கூடுதல் டிஸ்க் என்றால் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தால், அது இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. ஃபார்மட் போட்டு ஓ.எஸ். ஏற்றி டிரைவர் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஃபார்மட் கட்டளைக்குக் கொடுப்பதும் இதே மாறுகிற பேர்தான். நேற்று எஸ்.டி.பி.யாக இருந்தது இன்று வேறு டிஸ்காக இருக்கலாம். அளவையும் மாடலையும் பார்க்காமல் எண்டர் தட்டினால் காலி ஆவது புது டிஸ்க் இல்லை, கல்யாண ஆல்பம்.

அதனால் மக்களே, கடையில் "ஃபார்மட்" என்ற வார்த்தை கேட்டவுடன் தலையாட்டாதீர்கள். "எந்த டிஸ்க்ணே? யு.யு.ஐ.டி பார்த்தீங்களா? உள்ளே இருக்கிறதை காப்பி எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.